பால் மறந்த குட்டிக்கு எவ்வளவு புரதம்?

டென்மார்க்கில் மனிதர்கள் சுமார் 60 லட்சம் பேர். அங்கே ஆண்டுக்கு வளர்த்தெடுக்கும் பன்றிக்குட்டிகள் சுமார் 3 கோடி. தலைக்கு ஐந்து குட்டி. 2022 ஜூன் 26ஆம் தேதி முதல் இந்தக் குட்டிகளின் தீவனத்தில் ஒரு வெள்ளைப் பொடியை மருந்தளவில் கலக்கக் கூடாது என்றானது. அந்தப் பொடி துத்தநாக ஆக்சைடு. தடை ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் உரியது. 2017இல் எடுத்த முடிவு, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் சுமை அதிகமாக விழுந்தது டென்மார்க் போன்ற நாடுகளின் பண்ணைகள் மேல்தான். தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரத்தில் குட்டிகளைக் கழிச்சலிலிருந்து பல ஆண்டுகளாகக் காத்துவந்த பொருள் அது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

தீவன வணிகம் இந்தக் கேள்விக்கு நூற்றுக்கணக்கான பதில்களை வைத்திருக்கிறது. கரிம அமிலங்கள், நொதிகள், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், மூலிகை எண்ணெய்கள், முட்டைக்கருவிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகள் உண்டு. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. குட்டியின் தீவனத்தில் எவ்வளவு புரதம் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எந்தச் சேர்க்கைப் பொருளையும் எடை போட முடியாது. கடந்த எழுபது ஆண்டுகளில் குட்டித் தீவனத்தில் சேர்த்த மருந்துகளில் பெரும்பகுதி, செரிக்க முடியாத அளவுக்கு ஊட்டிய புரதத்தின் பின்விளைவைத் தாங்கிப் பிடிக்கச் சேர்த்தவையே என்பது என் முடிவு. இந்தக் கட்டுரை அந்த முடிவுக்கு வந்த வழியைச் சொல்கிறது.

முதலில் குட்டியைப் பார்ப்போம். காட்டில் வாழும் பன்றி தன் குட்டிக்கு மூன்று நான்கு மாதம்வரை பால் கொடுக்கிறது. நாளாக நாளாகப் பாலைக் குறைக்கிறது. குட்டி மண்ணைக் கிளறி வேரையும் புழுவையும் தின்னப் பழகியபடியே தாயை விட்டு விலகுகிறது. அங்கே பால் மறப்பது பல வாரம் நடக்கும் காரியம். பண்ணையில் அது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. 21 முதல் 28 நாள் வயதில், 6 முதல் 8 கிலோ எடையில், குட்டியைத் தூக்கி வேறு கொட்டிலில் விடுகிறார்கள். ஐரோப்பியச் சட்டம் 28 நாள் என்கிறது. குட்டிகளுக்கென்றே சுத்தம் செய்து ஒதுக்கிய கொட்டில் இருந்தால் 21 நாளில் பிரிக்கலாம் என்று விலக்கும் தருகிறது. தாய் இல்லை, உடன்பிறந்தவை பாதி இல்லை, பக்கத்தில் நிற்பவை முன்பின் தெரியாத குட்டிகள். ஏறக்குறைய மணிக்கொரு தடவை வெதுவெதுப்பான பால் குடித்துப் பழகியதன் முன்னால் உலர்ந்த மாவு கொட்டிக் கிடக்கிறது. பல குட்டிகள் முதல் நாள் முழுவதும் அதைத் தொடுவதே இல்லை.

இந்தப் பட்டினிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டு நிற்கும் குடலுறிஞ்சிகள் உணவு தொட்டுப்போவதால் உயிர்ப்போடு இருப்பவை. பால் நின்றதும் அவை குட்டையாகின்றன. டேவிட் ஹாம்ப்சன் 1986இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 21 நாளில் பிரித்த குட்டிகளின் குடலுறிஞ்சிகள் ஒரே நாளில் நான்கில் ஒரு பங்கு உயரத்தை இழந்தன. ஐந்தாம் நாளில் ஏறத்தாழப் பாதியாகின. உறிஞ்சும் பரப்பு பாதியான நேரத்தில்தான் குட்டிக்குப் பசி முற்றுகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் தீவனத்தில் விழுந்து தின்கிறது. குடல் மிகவும் இளைத்திருக்கும் வேளையில் மிகுதியான உணவு வந்து சேர்கிறது.

வயிற்றின் நிலையும் இதுவே. தாயிடம் பால் குடிக்கும் குட்டி அதிகமாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, வயிறு புளிப்பாகவே இருக்கிறது. நம் வீட்டில் தோசை மாவு புளிப்பதும் இதே வகை நுண்ணுயிர்களால்தான். பால் நின்ற அன்றே இந்தப் புளிப்பு குறைகிறது, குட்டியின் சொந்த அமிலச் சுரப்போ இன்னும் வளரவில்லை. புரதத்தை முதலில் வெட்டும் பெப்சின் நொதி நன்றாக வேலை செய்ய வயிற்றின் pH எண் (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 2 முதல் 3.5க்குள் இருக்க வேண்டும். பால் மறந்த குட்டியின் வயிற்றில் அது 4ஐத் தாண்டிப் போவது சாதாரணம். அப்போது இரண்டு கேடுகள் நேர்கின்றன. புரதம் வெட்டுப்படாமல் கீழே இறங்குகிறது. அமிலத்தில் செத்திருக்க வேண்டிய கிருமி உயிரோடு இறங்குகிறது.

நோய் எதிர்ப்பிலும் ஒரு பள்ளம் உண்டு. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் கருவுக்குப் போவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால்தான் குட்டிக்குக் கவசம். அந்தக் கவசம் மூன்று நான்கு வாரத்தில் தேய்ந்துவிடும், குட்டியின் சொந்த எதிர்ப்பாற்றல் முழுமையாக எழ இன்னும் சில வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் நாம் அதைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம்.

காத்திருக்கும் கிருமி இ.கோலை. அதன் எல்லா வகையும் கெட்டவை அல்ல. எஃப்4, எஃப்18 என்று பெயரிட்ட நுண்ணிழைகளைக் கொண்ட வகைகள் குடற்சுவரின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு நச்சு சுரப்பவை. அந்த நச்சு, குடல் செல்களைக் கிழிப்பதில்லை. அவற்றின் நீர்மடையைத் திறந்துவிடுகிறது. உடம்பின் நீரும் உப்பும் குடலுக்குள் கொட்ட, குட்டி ஒன்றிரண்டு நாளில் வற்றிப் போகிறது. ஏற்பி இருப்பதும் இல்லாததும் பரம்பரை. ஒரே கொட்டிலில் ஒரே தீவனம் தின்ற இரு குட்டிகளில் ஒன்று சாகவும் ஒன்று துள்ளித் திரியவும் இதுவும் ஒரு காரணம். ஏற்பி இல்லாத மரபுவழிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முயற்சியும் நடந்துவருகிறது.

இனி புரதக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பன்றிக்குத் தேவைப்படுவது புரதம் என்பதைவிட அதிலுள்ள அமினோ அமிலங்கள் என்பதே சரி. அவற்றில் முதலில் பற்றாக்குறை காட்டுவது லைசின். குட்டி ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 19 முதல் 20 கிராம் செரிக்கத்தக்க லைசின் வேண்டும். பால் மறந்த முதல் வாரத்தில் அது தின்பதோ நாளுக்கு 150 முதல் 200 கிராம் தீவனம். கொஞ்சமாகத் தின்னும் குட்டி வேகமாக வளர வேண்டுமென்றால் தின்னும் கொஞ்சத்திலேயே லைசினை அடர்த்தியாக அடைக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் வெளியிட்ட அட்டவணை, 5 முதல் 7 கிலோ எடையுள்ள குட்டியின் தீவனத்தில் 1.5 சதவீதம் செரிக்கத்தக்க லைசின் இருக்க வேண்டும் என்கிறது.

இதை மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் மட்டும் கொண்டு எட்ட முயன்றால் என்ன ஆகும்? சோயா புண்ணாக்கில் சுமார் 46 சதவீதம் புரதமும் 2.5 சதவீதம் செரிக்கத்தக்க லைசினும் இருப்பதாகக் கொள்ளலாம். மக்காச்சோளத்தில் புரதம் 8 சதவீதம், லைசின் 0.2 சதவீதத்துக்கும் கீழே. கணக்குப் போட்டால் 100 கிலோ தீவனத்தில் 57 கிலோ சோயா புண்ணாக்கு வேண்டும். மொத்தப் புரதம் 29 சதவீதத்துக்கு ஏறிவிடும். மேலே சொன்ன வயிறும் குடலும் உள்ள ஒரு குட்டிக்கு இது தாங்காது. லைசின் ஹைட்ரோகுளோரைடை அரை கிலோ சேர்த்தால் சோயா 40 கிலோவுக்கு இறங்கும், புரதம் 23க்கு வரும். பல ஆண்டுகளாக உலகெங்கும் குட்டித் தீவனங்கள் 21 முதல் 23 சதவீதத்தில் நின்றது இந்தக் கணக்கால்தான். இன்னும் கீழே, 18க்கு இறங்க வேண்டுமானால் சோயா 26 கிலோவாகும். அப்போது லைசின் மட்டும் போதாது. மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன், வேலின், ஐசோலியூசின் என்று அடுத்தடுத்துக் குறைபடும் ஒவ்வொன்றையும் தனியே வாங்கிச் சேர்க்க வேண்டும்.

மிகுதியான புரதத்துக்கு நேர்வது என்ன? சிறுகுடலில் செரிக்காமல் தப்பியது பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு மாவுப்பொருளும் நாரும் கிடைத்தால் அவற்றைப் புளிக்கவைத்துப் பியூட்டிரிக் போன்ற அமிலங்களைத் தரும். குடற்சுவருக்கு அவை நல்லது. மாவும் நாரும் தீர்ந்துபோய்ப் புரதம் மட்டும் மிஞ்சினால் அதை அழுகவைக்கின்றன. அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஃபீனால், இண்டோல், கடாவெரின், பியூட்ரெசின் என்று பிணவாடைக்குப் பேர்போன பொருள்கள் உண்டாகின்றன. குடற்சுவர் எரிச்சலடைகிறது, நீர் உறிஞ்சும் வேலை கெடுகிறது, அமிலம் குறைந்த அந்தச் சூழலில் இ.கோலை போன்றவை செழிக்கின்றன. கழிச்சலுக்குக் கிருமியே காரணம் என்பது உண்மை. கிருமிக்கு வயலை உழுது எருவிட்டது தீவனம் என்பதும் உண்மை.

அளவைப் போலவே மூலமும் முக்கியம். சோயாவைப் பக்குவமாக வறுக்காவிட்டால் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள்கள் அதில் மிஞ்சும். பக்குவப்படுத்திய சோயாவிலும் கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்ற இரு புரதங்களைக் குட்டியின் குடல் அந்நியமாகக் கருதிச் சில நாள் அழற்சி காட்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அதனால்தான் முதல் இரண்டு வாரத் தீவனத்தில் பால் தெளிநீர்ப் பொடி, மீன் தூள், உலர்த்திய இரத்தப் பிளாஸ்மா ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். இவற்றில் பிளாஸ்மாவின் பலன் ஆய்வுக்கு ஆய்வு உறுதிப்பட்டது. குட்டிகள் அதை விரும்பித் தின்கின்றன, அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் குடலிலேயே கிருமியைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் பன்றி இரத்தத்தைப் பன்றிக்கே ஊட்டுவதில் ஒரு நெருடல் உண்டு. 2013இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு கனடாவிலும் பன்றிகளிடையே தொற்றுக் கழிச்சல் வைரஸ் பரவியபோது பிளாஸ்மா மேல் சந்தேகம் விழுந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியிருக்கும் நாடுகளில் அந்தத் தயக்கம் இன்னும் கூடுதல்.

இந்தப் பின்னணியோடு சேர்க்கைகளின் கதைக்கு வருவோம். 1940களின் இறுதியில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் தாமஸ் ஜூக்ஸும் குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்து மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் வைட்டமின் பி12 கிடைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வைட்டமின் கணக்கை மிஞ்சிய வளர்ச்சி கிடைத்தது. சக்கையில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்கின் வேலை அது. பன்றிக்கும் அது பலித்தது, அதிலும் பால் மறந்த குட்டிக்கு மிக நன்றாகப் பலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது உலக வழக்கமாயிற்று. மருந்து விலை மலிவு. புரதம் எவ்வளவு கொட்டினாலும் பெருங்குடலில் கிளம்பும் தீயை அது அணைத்து வைத்தது.

1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு, மனிதருக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று எச்சரித்தது. 1986இல் சுவீடன் முழுத் தடை விதித்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சினைத் தடுத்தது. 1999 இறுதிக்குள் குட்டித் தீவனத்திலிருந்தும் வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்குகள் வெளியேறின. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது 2006 ஜனவரி 1 முதல். சீனா 2020இல் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டுகளில் டென்மார்க் சேர்த்து வைத்த கணக்குகள் கவனித்துப் படிக்க வேண்டியவை. பெரிய பன்றிகளில் தடையால் சொல்லத்தக்க இழப்பு இல்லை. பால் மறந்த குட்டிகளில் கழிச்சலுக்கான சிகிச்சை மருந்து கூடியது. ஊக்கி என்று பெயர் சூட்டியிருந்தாலும் குட்டிப் பருவத்தில் அது செய்துவந்தது நோய்த் தடுப்பு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆன்டிபயாடிக் விட்ட இடத்தில் வந்து அமர்ந்தது துத்தநாகம். டென்மார்க்கின் ஹன்னெ டம்கார்ட் பௌல்சன் 1980களின் இறுதியில் தொடங்கிய சோதனைகளில், கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகத்தை ஆக்சைடாக இரண்டு வாரம் கொடுத்தால் கழிச்சல் பெரிதும் குறைகிறது என்று கண்டார். குட்டியின் ஊட்டத் தேவை ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான். இது அதைப்போல் 25 மடங்கு. தமிழ் வாசகருக்கு இந்த அளவை விளங்கவைக்க ஒரு ஒப்பீடு உண்டு. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் பரிந்துரைத்தன. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்றும் கொடுக்கும் மாத்திரை அது. 200 கிராம் தீவனம் தின்னும் 7 கிலோ பன்றிக்குட்டியின் வயிற்றுக்குள் அந்த இரண்டு வாரமும் நாள்தோறும் போனது 500 மில்லிகிராம்.

அது எப்படி வேலை செய்தது என்பதில் இன்றுவரை ஒரே விளக்கம் நிலைபெறவில்லை. குடல் செல்களின் இணைப்பை இறுக்குகிறது, கிருமி ஒட்டுவதைத் தடுக்கிறது, நீர் கசிவைக் குறைக்கிறது, பசியைத் தூண்டுகிறது என்று நான்கும் சேர்ந்து சொல்லப்படுகின்றன. எப்படியோ வேலை செய்தது. ஆனால் தின்ற துத்தநாகத்தில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி வயலில் சேர்ந்தது. அது மக்கிப் போகும் பொருள் இல்லை. ஆண்டுக்காண்டு மண்ணில் ஏறிக்கொண்டே போகும், ஓடையில் கலந்தால் நீர்வாழ் சிற்றுயிர்களைத் தாக்கும். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. பன்றிப் பண்ணைகளில் பரவிய மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டேஃபைலோகாக்கஸ் வகையில், துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு மருந்தைத் தாங்கும் மரபணுவோடு ஒட்டியே இருந்தது. துத்தநாகம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கிருமிக்கே அனுகூலம். ஒரு மருந்தைக் குறைக்கக் கொண்டுவந்த உலோகம் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்தது என்றால் தடையில் நியாயம் இருக்கிறது. கடைப்பிடித்த பண்ணையாளர்கள் பட்ட பாடும் மெய்யானது. டென்மார்க்கில் துத்தநாகம் விலகிய காலத்தில் குட்டிகளுக்குக் கொடுக்கும் நியோமைசின் அளவு கூடியது. சீனா முழுத் தடைக்குப் போகாமல், முதல் இரண்டு வாரம் கிலோவுக்கு 1,600 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது.

ஆக, கேள்வி மறுபடி புரதத்திடமே வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஹியோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2008 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறையில் திருப்புமுனை என்பேன். பால் மறந்த குட்டிகளுக்கு 17 சதவீதத்தை ஒட்டிய புரதத்தில், அமினோ அமிலங்களால் குறை நிரப்பிய தீவனத்தை ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, நச்சு இ.கோலையையும் வாய்வழி புகட்டிப் பார்த்தார்கள். அதிகப் புரதம் தின்றவற்றைவிட இவற்றில் கழிச்சல் குறைந்தது, குடலில் அம்மோனியாவும் குறைந்தது. கனடாவின் மனிடோபாவில் நியாச்சோட்டி 2006இல் வெளியிட்ட சோதனை அதன் மறுபக்கத்தையும் காட்டியது. புரதத்தை 23இலிருந்து 17க்கு இறக்கியபோது அம்மோனியா குறைந்தது, வளர்ச்சியும் குறைந்தது.

இந்த வளர்ச்சிக் குறைவை அமினோ அமிலங்களைக் கொண்டு முழுவதும் ஈடுகட்ட முடியுமா என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ஓரளவுக்கு மேல் முடியாது என்றே நான் படித்தவரை தெரிகிறது. மொத்தப் புரதத்தில் லைசினின் பங்கு ஆறரை சதவீதத்தை மீறினால், உடம்பு தானே செய்துகொள்ளும் மற்ற அமினோ அமிலங்களுக்கு நைட்ரஜன் தட்டுப்படுகிறது. 18 சதவீதப் புரதத்தில் லைசின் 1.2ஐ ஒட்டித்தான் நிற்க முடியும், 1.5க்குப் போக முடியாது. ஆகவே முதல் இரண்டு வாரம் கொஞ்சம் மெதுவாக வளரட்டும் என்று ஒப்புக்கொள்வதுதான் குறைந்த புரத முறையின் சாரம். குடல் தேறிய பின் நல்ல தீவனம் கொடுத்தால் விட்ட எடையை அது பிடித்துவிடுவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன, சிலவற்றில் முழுவதும் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் சில நூறு கிராம் எடையும், கழிச்சலில் செத்துப்போகும் குட்டிகளும் ஒரே தராசில் வைக்க வேண்டியவை. நான் வைத்துப் பார்த்தவரை தட்டு குறைந்த புரதத்தின் பக்கமே சாய்கிறது. புரதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் வெளியேறும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது சுற்றுப்புறத்துக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம்.

ஒரு நுணுக்கம் உண்டு. நோயோடு போராடும் குட்டிக்கு எல்லா அமினோ அமிலமும் ஒரே விகிதத்தில் தேவைப்படுவதில்லை. குடலின் சளிப்படலத்தில் திரியோனின் மிகுதி, கழிச்சலில் அது வழிந்து போகிறது. அழற்சியின்போது டிரிப்டோபேன் அதிகம் செலவாகிறது. மெத்தியோனினும் சிஸ்டீனும் குளுட்டாதயோனுக்குப் போகின்றன. ஆகவே சுத்தமான ஆய்வுக் கொட்டிலில் வகுத்த விகிதத்தைவிட அழுக்கான பண்ணையில் இவற்றை உயர்த்தி வைப்பது அறிவுடைமை.

இந்த அடித்தளத்தில் நின்று பார்க்கும்போதுதான் சேர்க்கைப் பொருள்களின் தரம் விளங்குகிறது. எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை தருபவை கரிம அமிலங்கள். குட்டியின் வயிற்றில் இல்லாதது அமிலம், அதையே கொடுக்கிறோம். ஃபார்மிக், பென்சோயிக், லாக்டிக், சிட்ரிக், ஃபியூமாரிக் அமிலங்கள் பயன்பாட்டில் உள்ளன. ஃபார்மிக் அமிலத்தின் உப்பான பொட்டாசியம் டைஃபார்மேட்டை, ஆன்டிபயாடிக் அல்லாத முதல் வளர்ச்சி ஊக்கியாக ஐரோப்பா 2001இல் ஏற்றது. பென்சோயிக் அமிலம் அரை சதவீத அளவில் குட்டித் தீவனத்தில் பரவலாகியிருக்கிறது. ஆனால் அமிலத்தை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது பல ஆலைகளில் நடக்கிறது. தீவனத்தில் கால்சியத்துக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் தூள் வயிற்றமிலத்தை அப்படியே குடித்துவிடும் பொருள். அதிகப் புரதமும் அமிலத்தைக் குடிக்கும். துத்தநாக ஆக்சைடும் அப்படியே. ஆகவே முதல் இரண்டு வாரத் தீவனத்தில் சுண்ணாம்புத் தூளைக் குறைத்து, புரதத்தையும் குறைத்தால், அமிலம் வாங்கும் செலவே பாதியாகும். குட்டியின் எலும்பு இரண்டு வாரம் இந்தக் குறைவைப் பொறுக்கும், பிறகு ஈடு செய்ய வேண்டும்.

இங்கே கைகொடுப்பது பைட்டேஸ் நொதி. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது, அந்தப் பூட்டு கால்சியத்தையும் துத்தநாகத்தையும் புரதத்தையும் கூடப் பிடித்துவைக்கிறது. 1991இல் நெதர்லாந்தில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த பைட்டேஸ், கால்சியமும் பாஸ்பரஸும் வெளியே சேர்ப்பதைக் குறைக்கவைத்தது. சேர்க்கைகளில் செலவுக்கு மேல் வரவு உறுதியாகக் கிடைப்பது இதுதான். கோதுமை, பார்லி தின்னும் நாடுகளில் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் நொதிகளுக்கும் வேலை உண்டு. மக்காச்சோளத் தீவனத்தில் அவற்றின் பலன் குறைவு.

நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ், ஈஸ்ட், பேசில்லஸ் என்று வகைகள் பல. ஒரே இனத்திலும் ஒரு வகை செய்வதை மற்றது செய்யாது. தீவனத்தை ஆவியில் வேகவைத்துக் குச்சியாக்கும்போது வெப்பம் தாங்கிப் பிழைப்பவை வித்து உருவில் வாழும் பேசில்லஸ் வகைகளே. மற்றவற்றின் உயிர்ப்பை ஆலையில் பரிசோதிக்காமல் வாங்குவது வீண். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு, கார்வக்ரால் ஆகிய எண்ணெய்ச் சாரங்கள் ஆய்வகத் தட்டில் கிருமியை நன்றாகக் கொல்கின்றன. குடலின் கீழ்ப்பகுதிவரை அவை போய்ச்சேர்வதில்லை, மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் கொழுப்பில் பொதிந்து கொடுக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் நிறைந்துள்ள லாரிக் அமிலமும் அதன் உறவான நடுத்தரக் கொழுப்பமிலங்களும் வயிற்றிலேயே கிருமியைத் தாக்குவதில் வல்லவை. ஆனால் சில கொழுப்பமிலங்களின் வாடைக்குக் குட்டிகள் தீவனத்தை ஒதுக்கிவிடும்.

செம்பு ஒரு பழைய துணை. கிலோவுக்கு 125 முதல் 250 மில்லிகிராம் கொடுத்தால் குட்டி நன்றாக வளர்கிறது என்பது 1950களிலேயே பிரிட்டனில் தெரிந்தது. துத்தநாகத்தின் மேல் சொன்ன குற்றச்சாட்டு இதன்மேலும் உண்டு. ஐரோப்பா 2018 முதல் அதன் உச்ச அளவையும் குறைத்துவிட்டது.

நாரைப் பற்றி நம் எண்ணம் முழுக்க மாறியிருக்கிறது. குட்டிக்கு நார் ஆகாது என்று ஒதுக்கினோம். கரடுமுரடாக அரைத்த கோதுமைத் தவிடும் ஓட்ஸ் உமியும் கொஞ்சம் சேர்த்தால் குடல் சுறுசுறுப்பாகிறது, இ.கோலை சுவரில் ஒட்டுவது குறைகிறது, பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குப் புரதத்தை விட்டு வேறு தீனி கிடைக்கிறது. வழவழப்பாகக் கரையும் நாரோ எதிர் விளைவு தரும். பெர்த் நகரின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் ஹாம்ப்சனும் ஜான் ப்ளஸ்கியும் குட்டிகளுக்கு வேகவைத்த வெள்ளை அரிசியையும் விலங்குப் புரதத்தையும் கொடுத்துப் பார்த்தபோது குடலில் நச்சு இ.கோலையின் பெருக்கம் குறைந்திருந்தது. பார்லியின் கரையும் நார் சேர்த்ததும் பெருகியது. வயிறு கெட்டால் நாம் வைத்துக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியின் நியாயம் வேறொரு கண்டத்தில், வேறொரு உயிரிடம் தெளிவானது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

சேர்க்கைகளின் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு ஒரு பொதுக் காரணம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகக் கொட்டில் கழுவித் துடைத்தது, குட்டிகள் கொஞ்சம், ஆள்கள் அதிகம். அங்கே கழிச்சலே வராது, கழிச்சலைத் தடுக்கும் பொருளும் தன் வேலையைக் காட்டாது. கிருமியைப் புகட்டிப் பார்த்தாலோ அளவு இயற்கையை மிஞ்சிவிடும். ஒரு சேர்க்கை 23 சதவீதப் புரதத் தீவனத்தில் பெரிய வித்தியாசம் காட்டி, 18 சதவீதத்தில் ஒன்றும் காட்டாவிட்டால் அது பொய்த்தது என்று பொருளில்லை. அது தீர்க்க வேண்டிய சிக்கல் அங்கே இல்லை. சோதனையின் அடிப்படைத் தீவனம் என்ன என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் எழுதுவதால் பண்ணையாளர் ஏமாறுகிறார்.

நம் நாட்டுக்கு இதில் என்ன? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன, முந்தைய கணக்கைவிட 12 சதவீதம் குறைவு. அதிகம் அசாமில். குவஹாத்தி அருகே ராணியில் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையமும், சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணையும் இயங்குகின்றன. நம் சிறு பண்ணைகளில் குட்டியை ஆறு முதல் எட்டு வாரத்தில் பிரிப்பது பரவலான வழக்கம். பின்தங்கிய முறை என்று இதைச் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். குடலின் கணக்கில் பார்த்தால் அது பெரிய பாதுகாப்பு. எட்டு வாரக் குட்டிக்குத் துத்தநாகமும் தேவையில்லை, பிளாஸ்மாவும் தேவையில்லை. நமக்கு வரும் கேடு வேறு வழியில் வருகிறது: பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, மணலும் உப்பும் கலந்த கருவாட்டுத் தூள், சரியாக வறுபடாத சோயா, வேகவைக்காமல் கொட்டும் ஓட்டல் கழிவு. இவற்றைச் சரி செய்யாமல் கழிச்சலுக்கென்று பொட்டலம் பொட்டலமாகச் சேர்க்கை வாங்குவது காசைக் கரைப்பது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. அதைத் தாங்கும் எம்.சி.ஆர்-1 மரபணு 2015இல் வெளிச்சத்துக்கு வந்ததே சீனப் பன்றிகளின் இ.கோலையில்தான். ஐரோப்பிய முறையைப் பார்த்து மூன்று நான்கு வாரத்தில் பிரிக்கத் தொடங்கும் புதிய பண்ணையாளர்கள் அந்த முறையோடு சேர்ந்து வந்த எழுபது ஆண்டுத் தொல்லையையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

குட்டியைப் பிரிக்கும் வயதைக் கூட்டுவதற்கு என்ன விலை என்பதையும் கணக்கிட்டுவிடலாம். சினைக்காலம் 115 நாள், பால் கொடுப்பது 28 நாள், மறுபடி சினைப்பட 5 நாள். ஒரு சுற்று 148 நாள். 100 தாய்ப்பன்றி ஆண்டுக்குச் சுமார் 247 ஈற்று தரும். ஒரு வாரம் கூடுதலாகப் பால் கொடுத்தால் சுற்று 155 நாளாகி, ஈற்று 235க்கு இறங்கும். ஈற்றுக்குப் பதினான்கு குட்டி வைத்தால் 150க்கு மேல் குட்டி குறையும். மறுபுறம், அந்த ஏழு நாளில் ஒவ்வொரு குட்டியும் ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடி, அமிலச் சுரப்பும் எதிர்ப்பாற்றலும் ஒரு படி ஏறி, தீவனத்தைக் கொறித்துப் பழகி வெளியே வருகிறது. 1986 தடைக்குப் பின் முதல் சில ஆண்டு கழிச்சலோடு திணறிய சுவீடன், கொஞ்ச காலம் துத்தநாகத்தையும் நம்பிப் பார்த்தது. இன்று அங்கே குட்டிகளைப் பிரிக்கும் சராசரி வயது ஐந்து வாரத்தை ஒட்டி நிற்கிறது.